ஸ்டியரிங்கில் தொலைந்த 80 மில்லிமீட்டர்

ஸ்டியரிங் தளர்வு ஒரே நாளில் வருவதில்லை என்பதால், அன்றாடம் அதே வண்டியை ஓட்டுபவருக்கு அது கடைசியாகத்தான் தெரியும். வாரத்துக்குச் சிறிதாக ஆட்டம் கூடும்போது கையும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. நேரான சாலையிலும் இடமும் வலமுமாக ஸ்டியரிங் சக்கரத்தைத் திருத்திக்கொண்டே போவதுதான் இயல்பு என்று நான் நம்பியிருந்தேன். என் தம்பி ஒரு நாள் இந்தப் பழைய லாரியை எடுத்துச் சென்று, இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ஓரமாக நிறுத்திவிட்டு, "அண்ணா, இதை எப்படி ஓட்டுகிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் அந்த நம்பிக்கை கலைந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் முன்பக்கம் முழுவதும் நடுங்கத் தொடங்கி, வேகத்தைக் குறைக்கும் வரை அடங்காமல் இருந்தது. அதைச் சக்கரச் சமநிலைக் கோளாறு என்று எண்ணித் தள்ளிப்போட்டிருந்தேன்.

இதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. முன்பக்கம் ஒரே இரும்புத் தண்டாக ஆக்ஸில். இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பவர் உதவி இல்லாத, உள்ளே குண்டுகள் சுழன்றுவரும் வகை ஸ்டியரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் டிராப் ஆர்ம், அதிலிருந்து முன்பின்னாக ஓடும் டிராக் லிங்க், அது ஓட்டுநர் பக்கச் சக்கரத்தின் ஸ்டியரிங் கையைப் பிடித்துத் திருப்புகிறது. அந்தச் சக்கரத்தை எதிர்ப்பக்கச் சக்கரத்தோடு இணைப்பது ஆக்ஸிலுக்குப் பின்னால் குறுக்காகப் போகும் டை ராடு. ஆக, ஓட்டுநர் பக்கச் சக்கரத்துக்குத்தான் ஸ்டியரிங்கோடு நேரடித் தொடர்பு. எதிர்ப்பக்கச் சக்கரம் டை ராடு சொல்வதைக் கேட்டு நடப்பது.

இந்த வேறுபாட்டை நான் முதல் நாளிலேயே யோசித்திருந்தால் ஒரு தவறைத் தவிர்த்திருப்பேன். ஆட்டம் என்றால் ஸ்டியரிங் பாக்ஸ்தான் என்ற எண்ணத்தில், பாக்ஸின் மேல்மூடியில் உள்ள சரிசெய்யும் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, எதையும் அளக்காமல், டிராக் லிங்க்கையும் கழற்றாமல், அரைச் சுற்று உள்ளே திருப்பினேன். நின்ற இடத்தில் ஆட்டிப் பார்த்தபோது ஆட்டம் குறைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் முதல் வளைவில் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் திருப்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. பாக்ஸினுள் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன, ஏனெனில் வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நேராகத்தான் ஓடிக் கழிக்கிறது. நடுவில் உள்ள தேய்மானத்தை மறைக்கும் அளவுக்குத் திருகை இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நல்லவேளையாகத் திருகின் பழைய நிலையை வெள்ளைப் பெயிண்ட்டால் குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிக்கே மீண்டும் கொண்டுவந்து, முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்கினேன்.

ஒழுங்கு என்பது டயரிலிருந்து தொடங்குவது. இரண்டு முன் டயர்களிலும் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்துவிட்டு, டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் குறுக்கே தடவினேன். உள்ளிருந்து வெளியே தடவும்போது வழவழப்பாக இருந்த பரப்பு, வெளியிலிருந்து உள்ளே வரும்போது ரம்பத்தின் பற்கள் போலக் கையைத் தடுத்தது. பட்டைகளின் கூர்விளிம்பு வெளிப்பக்கம் நோக்கியிருக்கிறது என்றால், சக்கரங்களின் முன்பக்கம் விரிந்த நிலையில் வண்டி ஓடியிருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. கைக்குத்தான் அது தெரிந்தது. இந்த ஒரு தடவலே டை ராடு பக்கம் கையைக் காட்டிவிட்டது என்றாலும், இம்முறை அளக்காமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அளப்பதற்கு எளிய ஏற்பாடு ஒன்று செய்தேன். ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் ஒரு தாள் பட்டையை ஒட்டி அதில் மில்லிமீட்டர் கோடுகள் போட்டு, டாஷ்போர்டிலிருந்து ஒரு கம்பியை வளைத்து அதன் முனை கோடுகளைத் தொடும்படி நிறுத்தினேன். சமதளத்தில் நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். எஞ்சின் அணைந்திருந்தது, பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும், அப்போது அடியில் படுப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தம்பி மேலே உட்கார்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி எதிர்ப்பு தட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மறுபக்கம் திருப்பத் தொடங்கினான். ஓட்டுநர் பக்க டயர் அசையும் வரை விளிம்பு நகர்ந்த தூரம் 80 மி.மீ. இந்த வண்டியின் ஸ்டியரிங் சக்கரம் 450 மி.மீ. விட்டம் கொண்டது; அதன் சுற்றளவு ஏறத்தாழ 1414 மி.மீ., ஒரு பாகைக்கு 3.9 மி.மீ. அப்படியானால் 20 பாகைக்கு மேல் நான் வெறும் காற்றில் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த 80 மி.மீ. ஒரே இடத்தில் இருக்க வாய்ப்பில்லை. அது பல சிறு ஆட்டங்களின் கூட்டுத்தொகை. அதைப் பிரித்தெடுக்க நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, தம்பியை மிக மெதுவாகத் திருப்பச் சொல்லி, சங்கிலியின் ஒவ்வொரு உறுப்பும் எப்போது அசையத் தொடங்குகிறது என்று பார்த்தேன். ஒன்று அசைந்ததும் நான் "ம்" என்பேன்; அவன் கம்பிமுனை நிற்கும் எண்ணைப் படிப்பான். ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் உள்ள ஜாயின்ட்டைத் தாண்டிப் பாக்ஸுக்குள் நுழையும் தண்டு அசைந்தபோது "8, அண்ணா" என்றான். டிராப் ஆர்ம் அசைய முனைந்தபோது 32. ஆனால் அந்த இடத்தில் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன்: ஆர்ம் டிராக் லிங்க்கைத் தள்ளுவதற்குப் பதிலாக, பாக்ஸ் முழுவதுமே சேஸிஸின் மேல் மயிரிழை அளவு நகர்ந்தது. அது நின்று ஆர்ம் உண்மையிலேயே நகரத் தொடங்கியபோது 38. டிராக் லிங்க்கின் இரு முனைகளையும் கடந்து ஸ்டியரிங் கை அசைந்தது 74-இல். மீதி 6 மி.மீ. டயர் ரப்பர் முறுக்கிக்கொள்ளும் அளவு. அது எந்த வண்டியிலும் இருக்கும்.

ஒரே ஒரு முறை படித்து நம்பிவிடவில்லை. மூன்று முறை செய்தோம். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டோடு அதே எண்கள்தான் வந்தன. கண் மட்டும் போதாத இடங்களில் விரலைப் பயன்படுத்தினேன். கட்டைவிரலை ஜாயின்ட்டின் கூட்டிலும் ஆள்காட்டி விரலை அது பிடித்திருக்கும் கையிலும் சேர்த்து வைத்துக்கொண்டால், இரண்டும் ஒன்றாக நகர்கின்றனவா, ஒன்று முந்தி மற்றொன்று பிந்தி 'டக்' என்று தட்டுகிறதா என்பது தோலுக்குத் தெளிவாகத் தெரியும். டிராக் லிங்க்கின் பின்முனையில் அந்தத் தட்டல் காதுக்குக் கேட்கும் அளவுக்கு இருந்தது. கையை அங்கு வைத்திருக்கும்போது மேலே இருப்பவர் வேகமாகத் திருப்பினால் விரல் நசுங்கிவிடும். நான் சொல்லாமல் திருப்பாதே என்று தம்பியிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

மில்லிமீட்டரில் சிறியதாகத் தெரியும் ஜாயின்ட் தேய்மானம் ஸ்டியரிங்கில் எவ்வளவு பெரிதாகிறது என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. டிராப் ஆர்மின் நீளம் 200 மி.மீ. அதன் முனையில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் ஆர்ம் ஏறத்தாழ 0.29 பாகை வீணாகத் திரும்புகிறது. பாக்ஸின் விகிதம் 20-க்கு 1 என்பதால் மேலே அது 5.7 பாகை, விளிம்பில் 22 மி.மீ.க்குச் சற்றுக் கூட. ஆக, டிராக் லிங்க்கில் தொலைந்த 36 மி.மீ. என்பது இரண்டு முனைகளிலும் சேர்த்து 1.6 மி.மீ. தேய்மானம்தான். கையால் ஆட்டிப் பார்த்து "லேசாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடக்கூடிய அளவு அது. பாக்ஸின் 24 மி.மீ.யைப் பெரிய குற்றவாளியாக நினைத்து நான் முதலில் திருகைத் தொட்டதும் இந்தக் கணக்கைப் போடாததன் விளைவே.

இவ்வளவு அளந்தும் டை ராடு இந்த 80-இல் ஒரு மில்லிமீட்டர்கூட இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஓட்டுநர் பக்கச் சக்கரத்துக்கு அப்பால் இருப்பதால், எவ்வளவு தேய்ந்தாலும் அதன் ஆட்டம் ஸ்டியரிங்கில் அளவாக வராது. எதிர்ப்பக்கச் சக்கரம் தன் விருப்பத்துக்குத் திசை மாறுவதாகவும், நடுக்கமாகவும், டயரின் ரம்பப் பற்களாகவும்தான் அது வெளிப்படும். ஸ்டியரிங் ஆட்டத்தை மட்டும் அளந்து சரிசெய்துவிட்டு, "எல்லாம் மாற்றியும் வண்டி அலைகிறதே" என்று குழம்புவோர் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

டை ராடைச் சோதிக்கத் தம்பியை ஸ்டியரிங்கை அசையாமல் இறுகப் பிடிக்கச் சொன்னேன். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, எதிர்ப்பக்கச் சக்கரத்தைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் தள்ளினேன். சக்கரம் தெளிவாக அசைந்தது. ஓட்டுநர் பக்கச் சக்கரம் அசையவில்லை. டை ராடு எண்டு என்பது ராடின் முனையில் உள்ள பந்து ஜாயின்ட்; அதன் கூட்டுக்கும் ஸ்டியரிங் கைக்கும் இடையே, மயிரிழை அசைவையும் அளந்து காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்த்தபோது அந்த முனையில் மட்டும் 1.5 மி.மீ. வந்தது. மறுமுனையில் ஆட்டம் அளக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் அதன் ரப்பர் உறை வெடித்திருந்தது. ஸ்டியரிங் கையின் நீளம் 180 மி.மீ., டயரின் விட்டம் 780 மி.மீ.; எனவே அந்த ஒன்றரை மில்லிமீட்டர், டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 6.5 மி.மீ. திசை வேறுபாடாக மாறுகிறது. இதைப் பின்னால் நேரடியாக அளந்தபோதும் அதே எண்தான் கிடைத்தது.

சோதிக்கும்போது தவறாகக் குற்றம் சாட்டக்கூடிய இரண்டு அசைவுகள் உண்டு. டை ராடின் நடுவைப் பிடித்து அதன் அச்சிலேயே முன்னும் பின்னும் உருட்டினால் சிறிது உருளும். பந்து ஜாயின்ட் அப்படி உருளத்தான் வேண்டும், அது தேய்மானம் ஆகாது. அதேபோல நீண்ட கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் புதிய எண்டுகூடச் சற்று மேலெழும்பும், ஏனெனில் பல எண்டுகளின் உள்ளே பந்தை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் இருக்கிறது; நெம்புகோல் அந்த ஸ்பிரிங்கை நசுக்குகிறது. கையின் பலத்தால் வரும் ஆட்டத்தை மட்டுமே கணக்கில் எடுத்தேன்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே 12 மணி, 6 மணி இடங்களிலும் பிடித்து ஆட்டினேன். இரு பக்கமும் சிறிய ஆட்டம் இருந்தது. அது வீல் பேரிங்கா, சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னா என்று பிரிப்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: மேலே இருப்பவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் சக்கரமும் அது சுழலும் குறுந்தண்டான ஸ்டப் ஆக்ஸிலும் ஒரே கட்டியாகிவிடும், அப்போதும் ஆட்டம் இருந்தால் கிங் பின், மறைந்துவிட்டால் பேரிங். இங்கே பிரேக் மிதித்ததும் மறைந்தது. பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, டயல் கேஜில் 0.025 முதல் 0.125 மி.மீ.க்குள் அச்சுவாக்கில் ஆட்டம் இருக்கும்படி வைத்து, நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டேன். கிங் பின்னுக்குக் கிரீஸ் ஏற்றியதோடு சரி. பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் ஷாக்கிள் புஷ்களையும் பார்த்தேன், சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கழற்றும் வேலையில் நேரம் போனது டை ராடு எண்டில்தான். எண்டின் தண்டு, கூம்பாகக் குறுகும் டேப்பராக ஸ்டியரிங் கையின் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நட்டைக் கழற்றினாலும் டேப்பரின் பிடி விடாது. ஸ்பிளிட் பின்னை இழுத்து, நட்டை மூன்று சுற்று தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் விட்டேன். பிடி திடீரென்று விடும்போது ராடு முகத்தில் விழாமல் இருக்க அந்த மூன்று மறை போதும். இரண்டு பல் கொண்ட கவையை இடையில் அடித்து ஏற்றலாம்தான், ஆனால் அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும். தூக்கியெறியப்போகும் எண்டுக்கு மட்டுமே அது சரி. தண்டின் முனையில் சுத்தியலால் அடிப்பதோ மறையைக் கெடுத்து நட்டையே கழற்ற முடியாமல் செய்துவிடும். நான் புல்லரை மாட்டி இறுக்கி வைத்துவிட்டு, ஸ்டியரிங் கையின் துளையைச் சுற்றியுள்ள கண்பகுதியின் ஒரு பக்கத்தில் கனமான சம்மட்டியை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி கொடுத்தேன். மூன்றாவது அடிக்குத் துப்பாக்கி வெடித்தது போன்ற ஒலியோடு டேப்பர் விட்டது. அடியின் அதிர்வில் துளை ஒரு கணம் நீள்வட்டமாகிறது. டேப்பர் வெளியேற அந்தக் கணம் போதும்.

ராடைக் கீழே இறக்கியதும் முதலில் செய்தது இரு முனைகளின் பந்து மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து எழுதி வைத்ததுதான். ஒவ்வொரு எண்டும் ராடுக்குள் எத்தனை மறை ஏறியிருக்கிறது என்றும் எண்ணிக்கொண்டேன். ஒரு முனை வலது மறை, மற்றது இடது மறை. துரு பிடித்த இடது மறை எண்டை வழக்கமான திசையில் திருப்பி இன்னும் இறுக்கிவிடுவது எளிதில் நிகழக்கூடியது. அதைக் கால் மணி நேரம் செய்த பிறகே எனக்கு நினைவுக்கு வந்தது. கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி, பிளவில் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டு, காலையில் ராடைச் சற்றே சூடாக்கிய பிறகுதான் அது அசைந்தது.

தேய்ந்த எண்டை அடிமூடிப் பக்கமாக அறுத்துப் பார்த்தேன். பந்து உருண்டையாக இல்லை. ஓடும் திசையில் இரு கன்னங்களும் தட்டையாகி, விரலால் உருட்டினால் விளிம்பு தட்டுப்பட்டது. அதைத் தாங்கும் கப்பில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடியை எண்ணெயில் குழைத்தது போன்ற சிவந்த பசை. இரும்பு இரும்போடு உரசி உதிர்ந்த துகளும் கிழிந்த உறை வழியே வந்த நீரும் சேர்ந்தது அது. உள்ளிருந்த ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. நிப்பிளில் நான் தவறாமல் கிரீஸ் அடித்து வந்ததெல்லாம் கிழிசல் வழியே வெளியே போயிருக்கிறது என்பது அப்போது புரிந்தது. அடித்த உடனே மறுபக்கம் கிரீஸ் வழிந்ததை நல்ல அறிகுறியாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

புதிய எண்டுகளில் ஒன்று சிக்கல் கொடுத்தது. டிராக் லிங்க்கின் பின்முனைக்கு வாங்கிய எண்டைத் துளையில் உட்கார்த்தி நட்டை இறுக்கியபோது, ஸ்பிளிட் பின் துளை நட்டின் வெட்டுகளுக்கு மேலே ஏறி நின்றது. தண்டு வேண்டிய ஆழத்துக்கு மேல் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒன்று துளை விரிந்திருக்க வேண்டும், அல்லது டேப்பர் மெலிந்ததாக இருக்க வேண்டும். டேப்பரில் மெல்லியதாக நீல மை பூசி உட்கார்த்தி எடுத்தேன். மேல்விளிம்பில் ஒரு வளையமாக மட்டுமே மை அழிந்திருந்தது. பழைய தண்டை அதே துளையில் வைத்துப் பார்த்தபோது மை பெரும்பாலும் முழு நீளத்திலும் சீராக அழிந்தது. துளையில் குற்றமில்லை, எண்டுதான் வேறு அளவு. மாற்றி வாங்கினேன். அதை வாஷர் போட்டுச் சமாளித்திருந்தால் டேப்பர் வளைய அளவுக்கு மட்டுமே பிடித்து, நாளடைவில் துளையையே தின்றிருக்கும்.

மாட்டும்போது டேப்பர் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே கிரீஸோ எண்ணெயோ தடவக்கூடாது. ராடின் மறைகளில் மட்டும் கிரீஸ் தடவினேன். நட்டைக் கையேடு சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்கிய பின் துளையும் வெட்டும் நேராக வரவில்லை என்றால், அடுத்த வெட்டு வரும்வரை மேலும் இறுக்க வேண்டுமே தவிர ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தக்கூடாது. பிறகு நிப்பிளில் மெதுவாகக் கிரீஸ் ஏற்றி, ரப்பர் உறை சற்றே உப்பியதும் நிறுத்தினேன். பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்ததை இப்போதுதான் கவனித்தேன். பெயிண்ட்டுக்கு அடியில் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. சேஸிஸில் விரிசல் எதுவும் இல்லை என்று கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிட்டு அவற்றை இறுக்கினேன். ஸ்டியரிங் தண்டின் கீழ் ஜாயின்ட்டிலும் சிலுவை வடிவ நடுத்துண்டு நன்றாக இருந்தது; தண்டின் பல்வரிகளை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுதான் தளர்ந்திருந்தது.

டிராக் லிங்க்கை மீண்டும் மாட்டுவதற்கு முன்னால், பாக்ஸைச் சரியான முறையில் தொட்டேன். இணைப்பு இல்லாத நிலையில், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மென்மையாகத் திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தினால் அதுதான் நடு. முதலில் உள்தண்டின் பேரிங்கில் அச்சுவாக்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். அதில் ஆட்டம் இருக்கும்போது பல் இடைவெளியைச் சரிசெய்வதில் பொருளில்லை. பிறகு திருகைச் சுற்றில் எட்டில் ஒரு பங்காக உள்ளே திருப்பி, ஒவ்வொரு முறையும் இரு கோடிகள் வரை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது முறையில் ஓரங்களில் இலேசான பிடிப்பு உணரப்பட்டதால் அதைப் பின்வாங்கி, முதல் நிலையிலேயே பூட்டினேன். பாக்ஸின் பங்கு 24-லிருந்து 14 மி.மீ.க்கு வந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும்.

இனிச் சக்கரங்களின் திசை. முன்பக்கத்தைத் தூக்கி, ஒவ்வொரு டயரையும் சுழற்றி நடுவே சாக்கட்டியால் ஒரு பட்டை போட்டு, அசையாத கட்டையில் அடித்த ஆணியின் முனையால் அந்தப் பட்டையில் சுற்றிலும் மெல்லிய கோடு கீறினேன். வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னே தள்ளி நிறுத்திய பிறகு, வீல் நடுமைய உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை அளந்தேன். பழைய எண்டுகளோடு கழற்றுவதற்கு முன்பும் இதைச் செய்திருந்தேன்: டயர்களை முன்பக்கத்தில் வெளியே தள்ளிப் பிடித்தபோது முன்பக்கம் 5 மி.மீ. அதிகம், உள்ளே இழுத்தபோது 1.5 மி.மீ. குறைவு. கணக்கில் வந்த அதே 6.5. ஓடும்போது தரையின் இழுவை, கிங் பின் அச்சுக்கு வெளியே பட்டு, இரு சக்கரங்களையும் வெளிப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. அதனால் வண்டி எப்போதும் அந்த 5 மி.மீ. விரிந்த நிலையில்தான் ஓடியிருக்கும். ரம்பப் பற்கள் வெளியே நோக்கியதன் காரணம் இதுவே.

கையேடு கேட்டது முன்பக்கம் 1 முதல் 3 மி.மீ. வரை நெருங்கிய நிலை. ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருப்பதால் அதை நீட்டினால் முன்பக்கம் நெருங்கும். மறையின் இடைவெளி 1.5 மி.மீ.; இரு முனையும் எதிரெதிர் மறை என்பதால் ராடை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 3 மி.மீ. நீள்கிறது, டயரில் அது 13 மி.மீ. ஆகவே கால் சுற்றுக்கே 3 மி.மீ.க்கு மேல் மாறிவிடும். பைப் ரென்ச்சை விரலளவு நகர்த்தி நகர்த்தித்தான் 2 மி.மீ.யில் நிறுத்த முடிந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் வண்டியை உருட்டாமல் அளந்தால் டயர் முறுக்கு பொய் சொல்லும். இரு எண்டுகளின் கூடுகளும் ஒரே சாய்வில் நிற்கும்படி ராடை வைத்துக் கிளாம்ப்புகளை இறுக்கினேன். ஸ்டியரிங்கைக் கோடி வரை திருப்பியபோது 'கிரக்' என்று ஒரு சத்தம். கிளாம்ப் போல்ட்டின் தலை பட்டை ஸ்பிரிங்கின் அடியில் உரசிப் பெயிண்ட்டைச் சுரண்டியிருந்தது. கிளாம்ப்பைத் தளர்த்திப் போல்ட் கீழ்நோக்கி வருமாறு திருப்பி இறுக்கியதும் அது நின்றது. ஸ்டியரிங் சக்கரத்தின் கம்பிகள் சற்றே சாய்ந்து நின்றதை டிராக் லிங்க்கின் நீளத்தில் சரிசெய்தேன். டை ராடை அதற்காகத் தொடக்கூடாது.

தாள் பட்டை இன்னும் ஒட்டியே இருந்தது. தம்பி மீண்டும் உட்கார்ந்து திருப்பினான்: 24 மி.மீ. பாக்ஸுக்கு 14, டயருக்கு 6, மீதி இணைப்புகளுக்கு 4. அன்று மாலையே அதே மேட்டில் அதே வேகத்தில் மூன்று முறை ஏறி இறங்கினோம். முன்பக்கம் ஒரு முறை குதித்து அடங்கியது, நடுக்கம் இல்லை. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் கைக்குள் வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்தது. முதல் சில கிலோமீட்டருக்கு நான்தான் வண்டியை அலையவிட்டேன், ஏனெனில் பழைய பழக்கத்தில் தேவையில்லாத திருத்தங்களைக் கை செய்துகொண்டே இருந்தது.

500 கிலோமீட்டர் ஓடிய பின் கிளாம்ப்புகளையும் பாக்ஸ் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன்; பாக்ஸின் ஒரு போல்ட் மட்டும் சிறிது ஏறியது. ஆட்டம் 24-லேயே நிற்கிறது. டயர்களின் ரம்பப் பற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. தேய்ந்த வடிவம் தானாக ஒரே நாளில் திரும்பாது என்பதால், வேகம் கூடும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. பேரிங்கோ என்று ஒரு கணம் ஐயப்பட்டு, அந்த இரண்டு டயர்களையும் பின்பக்கத்துக்கு மாற்றிப் போட்டேன். முனகலும் அவற்றோடு பின்னால் போய்விட்டது.